ஜாடியில் எழுதிய ஊர்ப்பெயர்

இத்தாலி தேசத்து ஒயினைப் பற்றி எழுத விளாத்திகுளத்துக்காரனுக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்கலாம். கேட்டால் தவறில்லை. கரிசல் காட்டில் கம்பும் பருத்தியும் மிளகாயும் விளைகிற ஊர் எங்களுடையது. திராட்சைக் கொடியைப் பந்தலில் படர்ந்த கோலத்தில் பார்த்தவர்கள்கூட இங்கே அதிகம் இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு பாத்தியதை உண்டு என்றே நினைக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து கடற்கரைக்குப் போனால் வேம்பார். அங்கிருந்து கரையோடு வடக்கே போனால், வைகை கடலைத் தொடுகிற இடத்தில் அழகன்குளம். தெற்கே போனால் தாமிரபரணியின் கழிமுகத்துப் பக்கம் கொற்கை. இத்தாலியில் பிழிந்த ஒயின் தமிழ்நாட்டுக் கரையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே வந்து இறங்கியிருக்கிறது. அதற்கு விலையாகப் போன சரக்குகளில் எங்கள் கடல் முத்தும் ஒன்று. பழைய வாடிக்கைக்காரனுக்குச் சரக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல உரிமை இல்லையா?

சொல் விஷயத்தில் முதலிலேயே ஒரு ஒப்பந்தம் செய்துகொள்வோம். ‘திராட்சை ரசம்’ என்று எழுதினால் வேதாகமத்தின் வாசனை அடிக்கிறது. ‘மது’ என்று எழுதினால் போலீஸ் ஸ்டேஷன் வாசனை அடிக்கிறது. ஆகவே ஒயின் என்றே எழுதிவிடுகிறேன். யாரையும் குடிக்கச் சொல்லுகிற உத்தேசமும் எனக்கில்லை. என் அக்கறையெல்லாம் ஜாடியின் மேல் எழுதியிருக்கிற ஊர்ப்பெயரைப் பற்றியது.

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து கடல் வியாபாரம் செய்த ஒரு கிரேக்கன், எந்தத் துறைமுகத்தில் எது விலைபோகும், எது கிடைக்கும் என்று ஒரு கையேடு எழுதி வைத்தான். அதைத்தான் ‘பெரிப்ளூஸ்’ என்கிறார்கள். ஆசாமியின் பெயர் தெரியவில்லை; கணக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது. குஜராத்தில் பரூச் துறைமுகத்துக்கு ஒயின் கொண்டுபோகலாம். முக்கியமாக இத்தாலி ஒயின், அடுத்தபடி சிரியா நாட்டு லவோதிக்கேயா ஒயின், அரேபிய ஒயின். முசிறிக்கும் கொண்டுபோகலாம், ஆனால் அதிகம் வேண்டியதில்லை. அப்புறம் கொற்கை. பாண்டிய ராஜ்யத்தில் தண்டனை பெற்ற கைதிகள் அங்கே முத்துக் குளிக்கிறார்கள் என்று எழுதுகிறான். இந்த ஒரு வரியைத் தாண்டிப் போக எனக்கு எப்போதும் சிரமமாக இருக்கும். ஒயின் ஜாடிக்கு மாற்றாகப் போன முத்து, மூச்சை அடக்கி இறங்கிய கைதியின் கையில் வந்தது. அதைப் பற்றிக் கையேட்டுக்காரன் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வியாபாரி சொல்லமாட்டான்.

ஒயின் கணக்கில் அவன் இத்தாலி, லவோதிக்கேயா, அரேபியா என்று பிரித்துச் சொல்லுவதைக் கவனிக்க வேண்டும். வாங்குகிறவன் ஊர் கேட்டு வாங்கினான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு? நம் தெற்கில் அந்த அளவுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. புறநானூற்றில் பாண்டியன் நன்மாறனைப் பாடுகிற நக்கீரர், யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் வார்த்துக்கொடுக்க, அவன் மகிழ்ந்திருக்கட்டும் என்று வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்தது, அவ்வளவுதான். எந்த மலைச்சரிவு, எந்த வருஷத்துப் பிழிவு என்ற பேச்சே இல்லை. இது குறையல்ல. கொற்கை முத்து என்று ஊர் சொல்லிப் பாட நம் புலவர்களுக்குத் தெரியும். கள், நறவு, தோப்பி, தேறல் என்று சொந்தக் குடியிலே வகை பிரிக்கவும் தெரியும். அந்நியச் சரக்கு என்றால் எல்லாம் ஒன்றாகத்தான் தோன்றும். ரோமாபுரிச் சீமாட்டிகளில் எத்தனை பேர் காதில் ஆடுகிற முத்தின் ஊரை விசாரித்திருப்பார்கள்?

அந்த ஒயின் வந்த ஜாடியின் ஓடுகள் அழகன்குளத்திலும் கிடைத்திருக்கின்றன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் இன்னும் ஏராளம். அங்கே 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். மறுபடி 1989 முதல் 1992 வரை தோண்டினார்கள். இரண்டு காது, நீண்ட கழுத்து, கூரான அடி. சுமார் 26 லிட்டர் கொள்ளும். அடி கூராக இருப்பதால் தரையில் நிற்காது. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று சாய்த்து அடுக்குவதற்கும், கரையில் மணலில் குத்தி நிறுத்துவதற்கும் தோதானது. உள்ளே மரப்பிசின் பூசியிருப்பார்கள். செங்கடலைத் தாண்டி, பருவக் காற்றில் அரபிக் கடலைக் கடந்து, மாதக்கணக்கில் வெயிலில் வெந்து வந்த சரக்கு பாண்டியன் கிண்ணத்தில் என்ன ருசியில் இருந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பிசின் வாடை நிச்சயம் இருந்திருக்கும்.

ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு இது இத்தாலி என்று எப்படிச் சொல்லுகிறார்கள்? மண்ணை வைத்துத்தான். நேப்பிள்ஸ் வட்டாரத்து ஜாடிகளில் எரிமலை மணலின் கறுப்புத் துகள்கள் மினுக்கும். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பிரிக்கிறார்கள். இப்படிப் பிரித்ததில் அரிக்கமேட்டு ஓடுகளில் காஸ், ரோட்ஸ் முதலான கிரேக்கத் தீவுகளின் ஜாடியும் இருந்தது, நேப்பிள்ஸ் பக்கத்துக் கம்பானியாவின் ஜாடியும் இருந்தது. இந்தியாவில் பல இடங்களில் ரோம ஜாடி என்று சீட்டு எழுதிப் பெட்டியில் வைத்திருந்த ஓடுகளில் அநேகம், ரோமுக்கும் நமக்கும் நடுவிலே மெசப்பொத்தேமியா, பாரசீகப் பக்கத்தில் செய்த, உள்ளே கீல் பூசிய ஜாடிகள் என்று இந்த நூற்றாண்டில் கண்டுபிடித்தார்கள். சீட்டு பொய் சொன்னது, மண் சொல்லவில்லை.

பொய்ச் சீட்டு என்பது ஒயினுக்குப் புதிதும் அல்ல. காஸ் தீவு ஒயினுக்கு அந்தக் காலத்தில் பெரிய மவுசு. கடல் நீர் கலந்து செய்கிற ஒயின் அது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலே கேட்டோ என்ற ரோமப் பெரியவர், நாட்டுக் கட்டுப்பாடு, ஒழுக்கம் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவர், தம்முடைய விவசாய நூலில் இத்தாலியிலேயே காஸ் ஒயின் தயாரிப்பது எப்படி என்று பக்குவம் எழுதியிருக்கிறார். ஆழத்துக் கடல்நீரை முகந்து வரவேண்டும், தேக்கி வைக்கவேண்டும், பிறகு கலக்கவேண்டும். கம்பானியக் குயவர்கள் ஜாடியையும் காஸ் ஜாடி மாதிரியே செய்தார்கள். உலகத்துக்கே ஒயின் அனுப்பிய தேசம், அடுத்தவன் ஜாடியைக் காப்பியடித்துத்தான் வியாபாரத்தைப் பெருக்கியது.

பிறகு அவர்களுக்கே சொந்தப் பெயர் வந்தது. ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவே மாஸிக்கோ என்ற மலை. அதன் சரிவில் விளைந்தது பலேர்னியம். ஒரே மலையில் உச்சிக்கு ஒரு பெயர், நடுவுக்கு ஒரு பெயர், அடிவாரத்துக்கு ஒரு பெயர் என்று மூன்றாகப் பிரித்து விலை வைத்தார்கள். ஜாடிக் கழுத்தில் ஊரையும், அந்த வருஷத்துக் கான்சல் அதிகாரியின் பெயரையும் எழுதினார்கள். கி.மு. 121ல் ஒபிமியஸ் கான்சலாக இருந்த வருஷத்து ஒயின் மாதிரி எப்போதும் விளைந்ததில்லை என்று பேச்சு. இருநூறு வருஷம் கழித்தும் அது கொஞ்சம் மிச்சம் இருந்ததாகவும், இறுகிப்போய்த் தேன்பாகு போல் ஆகிவிட்டதாகவும் பிளினி எழுதுகிறார். இதே பிளினிதான், இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் வருஷத்துக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமிலிருந்து உறிஞ்சுகிறதே என்று வயிறெரிந்தவர். நம் முத்தும் மிளகும் அந்த வயிற்றெரிச்சலில் சேர்த்திதான்.

பிளினியின் ஒயின் அத்தியாயத்தைப் படிக்கும்போது எனக்கு நம் ஊர்ப் பெரியவர்களின் திண்ணைப் பேச்சு ஞாபகம் வருகிறது. ‘முன்னே மாதிரி இப்போ எது இருக்கு?’ என்கிற அதே தொனி. கேகுபம் என்ற உயர்ந்த ஒயின் அவர் காலத்திலேயே அழிந்துவிட்டது. விவசாயிகளின் அசட்டை ஒரு காரணம்; நீரோ மன்னன் வெட்டிய கால்வாய் பெரிய காரணம். பலேர்னியமும் தேய்ந்துவருகிறது என்கிறார். ஏன்? நன்றாகச் செய்யவேண்டும் என்ற எண்ணம் போய், நிறையச் செய்யவேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டதாம். சொர்ரெந்தோ ஒயினைப் பற்றி டைபீரியஸ் சக்கரவர்த்தி அடித்த கிண்டலையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறார்: அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வைத்தியர்களின் கூட்டுச்சதி, மற்றபடி அது கொஞ்சம் கௌரவமான காடி. அவருக்கு நூறு வருஷம் பிந்தி வந்த கேலன் என்ற வைத்தியர் இன்னும் நேரடியாகக் கேட்கிறார். பலேர்னியம் விளைவது இத்தாலியில் ஒரு மூலை. அதுவோ சாம்ராஜ்யம் முழுவதும் விற்கிறது. கெட்டிக்காரர்கள் அதுபோலச் செய்து அனுப்புகிறார்கள் என்று பொருள்.

பிளினி 79ஆம் வருஷம் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தார். பொம்பேயும் அதன் திராட்சைத் தோட்டங்களும் அதே வெடிப்பில் புதைந்தன. பின்னால் 92ல் டொமிஷியன் சக்கரவர்த்தி, இத்தாலியில் இனிப் புதுக்கொடி நடக்கூடாது, வெளி மாகாணங்களில் பாதியை வெட்டிவிடவேண்டும் என்று ஆணையிட்டான். யாரும் வெட்டியதாகத் தெரியவில்லை. நடுவிலே பல நூற்றாண்டுகளை நான் தாண்டிவிடுகிறேன்.

வேம்பார்க்காரரான என் சிநேகிதர் ஒருவர் சரக்குக் கப்பலில் பல வருஷம் ஊழியம் பார்த்தவர். வேம்பார், எங்கள் கரையில் பரதவர்களின் ஏழு கடல்துறைகளில் ஒன்று. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து கிறிஸ்தவர்கள். ஆகவே பூசைக்கு ஒயின் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கமான வஸ்து. அது கலப்பில்லாத திராட்சையிலிருந்து இயற்கையாக வந்ததாக, கெடாததாக இருக்கவேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். இன்று ஒயினுக்கு உள்ள சட்டங்களிலேயே சுருக்கமானதும் கண்டிப்பானதும் அதுதான் என்று தோன்றுகிறது. சிநேகிதரிடம் இத்தாலித் துறைமுகங்களைப் பற்றிக் கேட்டேன். “அங்கேயும் நம்ம பக்கம் மாதிரித்தான் அண்ணாச்சி. ஒரு மலையைத் தாண்டினா ருசி வேற. இந்த ஊர்க்காரன் அந்த ஊர்ச் சரக்கை வாயிலே வைக்கமாட்டான்” என்றார்.

அவர் சொன்னது சத்தியம். இத்தாலி ஒரே தேசமானது 1861ல்தான். அதுவரை நகரத்துக்கு ஒரு பிரபு, பட்டணத்துக்கு ஒரு ராஜ்யம். நடுமுதுகில் மலை, மூன்று புறமும் கடல். இருபது பிராந்தியங்கள், ஒயின் செய்யாத பிராந்தியம் ஒன்றுகூட இல்லை. சர்க்கார் பதிவேட்டில் உள்ள திராட்சை ரகங்கள் 500க்கு மேல். வடமேற்கே பியேமோந்தேயில் நெபியோலோ என்கிற ரகம் அக்டோபர் மூடுபனியில்தான் பழுக்கும். அதில் வரும் பரோலோவைக் குறைந்தது மூன்று வருஷம் வைத்திருந்துதான் விற்கவேண்டும். வெரோனா பக்கத்தில் பழத்தைப் பறித்து, நம் வீட்டில் வற்றல் போடுவதுபோலத் தட்டிலே பரப்பி, மூன்று நான்கு மாதம் வாடவிட்டுப் பிழிகிறார்கள், அது அமரோனே. சிசிலியில் எத்னா எரிமலையின் கறுப்பு மண்ணில் ஒரு ரகம். அதே தீவின் மேற்குக் கரையில் மர்சாலா. 1773ல் ஜான் உட்ஹவுஸ் என்ற இங்கிலீஷ் வியாபாரி, கடல் பிரயாணத்தில் கெடாமலிருக்கச் சாராயம் சேர்த்து அனுப்பியதில் பிரபலமானது. பாண்டியனுக்கு வந்த சரக்குக்கு அந்த யோசனை யாருக்கும் தோன்றவில்லை.

வகை இத்தனை இருந்தும் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்பு இத்தாலி ஒயின் என்றால் உலகம் மட்டமாகத்தான் நினைத்தது. வைக்கோல் உறை போட்ட குண்டுப் புட்டியில் கியாந்தி வரும். குடித்துவிட்டுப் புட்டியில் மெழுகுவர்த்தி செருகி வைப்பார்கள். புட்டிக்கு இருந்த மரியாதை உள்ளே இருந்ததற்கு இல்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று பார்த்தால் கதை நமக்குத் தெரிந்த கதையாக இருக்கிறது.

தஸ்கனியில் நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விளைச்சலில் சரிபாதி. அவர்கள் மெத்ஸாத்ரியா என்றார்கள். நம் பாஷையில் வாரம். ஒரே வயலில் கோதுமையும் ஆலிவும், நடுவே மரங்களில் ஏற்றிவிட்ட திராட்சைக் கொடியும். வாரத்துக்கு உழுகிறவன் வயிற்றைப் பார்ப்பானா, வாசனையைப் பார்ப்பானா? நிலத்துக்காரரோ பிளாரென்ஸ் நகரத்தில். 1950களிலும் 60களிலும் வாரதாரர்கள் கும்பல் கும்பலாக ஆலை வேலைக்குப் போய்விட்டார்கள். 1964ல் புதிய வாரக் குத்தகையே கூடாது என்று சட்டம் வந்தது. காலியான நிலத்தில் அவசர அவசரமாகக் கொடி நட்டார்கள். அதிகம் காய்க்கிற ரகமாகப் பார்த்து நட்டார்கள். பிளினி கண்ட அதே வியாதி.

பெயரைக் காப்பாற்றச் சட்டம் இல்லாமலில்லை. கியாந்தியின் எல்லையைத் தஸ்கனிப் பிரபு மூன்றாம் கோஸிமோ 1716லேயே வரைந்து கொடுத்தார். 1932ல் அந்த எல்லையை ஏகமாக விரித்தார்கள். பெயருக்கு விலை இருக்கிறதென்றால் பக்கத்து ஊரெல்லாம் உறவு கொண்டாடத்தானே செய்யும்? 1963ல் தேசம் முழுவதற்கும் ஊர்ப்பெயர்ச் சட்டம் வந்தது. இன்ன ஊர்ப் பெயரைப் போடவேண்டுமானால் இன்ன ரகம், இன்ன அளவு, இன்ன பக்குவம். நல்ல சட்டம்தான். ஆனால் 1967ல் கியாந்திக்கு விதி எழுதியபோது, சிவப்பு ஒயினில் நூற்றுக்குப் பத்துப் பங்காவது வெள்ளைத் திராட்சை சேர்த்தே தீரவேண்டும் என்று எழுதினார்கள். பிரதமராக இருந்த ரிக்கஸோலி பிரபு 1872ல் சொன்ன யோசனை அது. உடனே குடிக்கிற இளசான ஒயினுக்கு மட்டும் அவர் சொன்னது. வெள்ளைத் திராட்சை எக்கச்சக்கமாக விளைந்து கிடந்ததால் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். நன்றாகச் செய்ய நினைத்தவனுக்குச் சட்டமே தடையாக வந்து நின்றது.

அப்போது சிலர் ஒரு காரியம் செய்தார்கள். பொல்கெரி என்ற கடலோரக் கிராமத்தில் ஒரு பிரபு, பிரெஞ்சு ரகத்தை நட்டு வீட்டுக்கென்று செய்துகொண்டிருந்த ஒயினை 1968ஆம் வருஷத்துப் பிழிவிலிருந்து வெளியே விற்றார். பெயர் சஸ்ஸிக்காயா, நம் பக்கத்துப் பாஷையில் கல்லாங்காடு. அந்தினோரி குடும்பத்தார் 1971ல் தின்யனெல்லோ என்ற தங்கள் ஒயினிலிருந்து கியாந்தி என்ற பெயரையே உதறிவிட்டார்கள். விதிப்படி இவற்றுக்கெல்லாம் கடைசித் தரமான ‘மேஜை ஒயின்’ என்ற சீட்டுத்தான். கடைசித் தரத்துச் சீட்டு, முதல் தரத்து விலை! ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு மட்டமாக விற்பதைவிட, பெயரில்லாமல் நன்றாக விற்போம் என்ற வைராக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த வைராக்கியத்துக்குக் கையில் பணம் வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். பிரபுக்களால் முடிந்தது, வாரதாரனால் முடிந்திருக்காது.

1986ல் விபரீதம் வந்தது. வட இத்தாலியில் மலிவு ஒயினுக்குக் காரம் ஏற்ற மெத்தனாலைக் கலந்துவிட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிலருக்குக் கண் போயிற்று. மெத்தனால் என்ன செய்யும் என்று தமிழ்நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. 2024ல் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இத்தாலியில் ஏற்றுமதி சரிந்தது. சர்க்காரும் வியாபாரிகளும் விழித்துக்கொண்டார்கள். 1992ல் சட்டத்தைத் திருத்தினார்கள். கியாந்தியின் மூலப் பிரதேசத்தில் வெள்ளைத் திராட்சை கட்டாயம் என்பது போய், 2006லிருந்து கூடாது என்றே ஆயிற்று. சஸ்ஸிக்காயாவுக்கு 1994ல் ஊர்ப்பெயர் அந்தஸ்தும் கிடைத்தது.

என் மனம் போவது தெற்கே. புலியா, சிசிலி பிராந்தியங்களின் வெயிலில் விளைந்த கறுத்த, காரமான ஒயின் நெடுங்காலம் டாங்கி டாங்கியாக வடக்கே போயிற்று. வடக்கத்தி ஒயினுக்கும் பிரெஞ்சு ஒயினுக்கும் நிறமும் பலமும் கொடுத்துவிட்டு, பெயரில்லாமல் கரைந்தது. சொந்தப் பெயரில் புட்டியில் அடைத்து விற்க அவர்கள் பரவலாகத் துணிந்ததெல்லாம் கடைசி முப்பது நாற்பது வருஷங்களில்தான். எங்கள் கரிசல் மிளகாய் வற்றல் மூட்டை மூட்டையாக விருதுநகர்ச் சந்தைக்குப் போய், யாரோ ஒருவருடைய பொடிப் பொட்டலத்துக்குள் காணாமல் போவதைப் பார்த்தவனுக்கு இது புரியும். முண்டு வற்றலுக்கு 2023ல் ராமநாதபுரம் என்ற ஊர்ப்பெயரோடு புவிசார் குறியீடு வந்திருக்கிறது. ஆயிரம் வருஷமானாலும் வரட்டும், வந்ததே நல்லது.

பொம்பேயில் ஒரு காரியம் நடந்தது. சாம்பல் மூடிய தோட்டத்தில் திராட்சை வேர் மக்கிப்போன இடமெல்லாம் துவாரமாக நின்றது. ஜஷெம்ஸ்கி என்ற அமெரிக்க அம்மாள் 1960களில் அந்தத் துவாரங்களைக் கணக்கெடுத்தார். ஒரே தோட்டத்தில் 2000க்கு மேல். 1990களில் மாஸ்த்ரோபெரார்தினோ என்ற கம்பானியக் குடும்பத்தார் அங்கே பழைய ரகங்களை மீண்டும் நட்டார்கள். 2001ஆம் வருஷத்துப் பிழிவு முதலாவதாக வெளிவந்தது. எங்கள் கரைக்கு வந்த ஜாடியின் சொந்தக்கார மண் அதுதான்.

எங்கள் பக்கத்தில் ஊர்ப்பெயர் சொல்லி விற்கும் வஸ்து கருப்பட்டி. தெற்கே உடன்குடி, இங்கே வேம்பார். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள், 1987 முதல் கள்ளுக்குத் தடை. தேரி மணலில் நிற்கிற பனைக்கும் கரிசலில் நிற்கிற பனைக்கும் பதநீர் வேறு என்று ஏறுகிறவர்கள் சொல்லுவார்கள். காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுக்கிறார்கள். பதநீர் குறைந்து, பனையேறுகிறவர்களும் குறைந்துவிட்டதால், அளவு காணச் சீனியைப் போட்டுக் காய்ச்சுவது சர்வசாதாரணமாகிவிட்டது. உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023ல் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். குறியீடு மரம் ஏறாது. ஏறுகிறவனுக்குச் சீனி போடாத விலை கிடைத்தால்தான் அவன் மகன் ஏறுவான். தஸ்கனியில் வாரதாரன் ஆலைக்குப் போனதுபோல இங்கே பையன்கள் திருப்பூருக்குப் போகிறார்கள்.

சென்ற பருவத்தில் விளாத்திகுளம் கடையொன்றில் அசல் வேம்பார்க் கருப்பட்டியா என்று கேட்டேன். கடைக்காரர் இரண்டு ஓலைக் கொட்டானை இழுத்து முன்னால் வைத்தார்.

“ரெண்டும் வேம்பார்தான் அண்ணாச்சி. இது சீனி போட்ட வேம்பார், இது போடாத வேம்பார். விலையைச் சொல்லட்டுமா?”

சொன்னார். போடாததில் ஒரு கிலோ வாங்கினேன். பத்து நாள் கழித்துப் போனபோது முதல் கொட்டான் மட்டும் இருந்தது. இனி தை பிறக்கட்டும் என்றார்.